ஊமை சிம்

— அஞ்சாம் நம்பரையே மறுபடி மறுபடி அமுக்காதீங்கண்ணே. லிஃப்ட் நின்னு போச்சு.

— நின்னா நிக்கட்டுமே. மேல உனக்கு என்னப்பா அவசரம்? நாற்காலியைத் தூக்கிட்டா ஓடிடப் போறாங்க?

— மீட்டிங் ஆரம்பிச்சிருப்பாங்க. என் போன்ல ஒரு கோடுகூட இல்ல. உங்களுதுல?

— எனக்கும் இல்ல. போன் கம்பெனியில ரெண்டு பிரிவுத் தலைவருங்க லிஃப்டுக்குள்ள நின்னு சிக்னல் தேடுறோம். வெளியில சொல்லிடாதே, சிரிப்பாங்க.

— அந்தச் சிவப்புப் பட்டனை அமுக்குங்க. நேரா செக்யூரிட்டி ரூமுக்குப் போகும். அதுக்குள்ள இருக்கிறது நம்ம சிம்தான், ஆன்டெனா மொட்டை மாடியில இருக்கு.

— இரு, இரு. யாராவது பார்த்துட்டு வருவாங்க. அதுக்குள்ள ஒண்ணு கேக்கணும். எம்.டி. உன்கிட்ட என்ன சொன்னார்?

— முடிவா ஒண்ணும் சொல்லல. உங்க பிரிவையும் என் பிரிவையும் ஒண்ணாக்கி, ஒருத்தர் கையில குடுக்கலாம்னு நினைக்கிறார்.

— ஒருத்தர்னா நீ. நல்லா இருக்குப்பா, ரொம்ப நல்லா இருக்கு. கீழ வாட்ச்மேன்கூட முதல்ல உனக்குத்தான் சலாம் வெச்சான், பார்த்தேன். இந்தக் கம்பெனிக்குள்ள உன்னைக் கூட்டிட்டு வந்ததே நான். கல்யாணமான கையோட, சின்ன மாப்பிள்ளைக்கும் ஒரு வேலை பாருங்கன்னு அத்தை கேட்டாங்க. யாரும் போகமாட்டேன்ன பிரிவாப் பார்த்து உன் தலையில கட்டினேன். ஊமை சிம், மெஷினுக்குள்ள போடுற பேசாத சிம்.

— தெரியும்ணே.

— தெரியுமா?

— அப்பவே தெரியும். என் சகலை தண்ணி மீட்டருக்கு சிம் விக்கிறான்னு கேன்டீன்ல நீங்க சொல்லிச் சிரிச்சது என் காதுக்கும் வந்துச்சு.

— சிரிக்காம என்ன பண்றது? மனுஷன் பேசுறான், படம் பார்க்கிறான், மாசாமாசம் கட்டுறான். உன் மீட்டரு வருஷம் முழுக்கக் கட்டினாலும் ஒரு வேளை டீக்குக் காணாது.

— அதாவதுண்ணே, மனுஷனுக்கு வாய் ஒண்ணுதான். எல்லார் கையிலயும் போன் வந்தாச்சு, இனிமே நீங்க யாருக்கு விப்பீங்க? பக்கத்துக் கம்பெனிக்காரன் கொஞ்சம் விலையைக் குறைச்சா உங்க ஆளு அங்க ஓடிடுறான். என் லிஃப்டு ஓடாது, என் மீட்டரு ஓடாது. நாளைக்கு ஒவ்வொரு வீட்டுலயும் கதவுல ஒண்ணு, கேஸ் அலாரத்துல ஒண்ணு, வண்டியில ஒண்ணுன்னு நம்ம சிம் உக்காந்திருக்கும். அதுங்க பேச்சை வித்தா டீக்குக் காணாதுதான். நாம பேச்சை விக்க வேணாம். ஆபத்துன்னா தகவல் போயே தீரும்கிற உறுதியை விப்போம். அதுக்கு எவ்வளவு வேணா குடுப்பாங்க. இதைத்தான் எம்.டி.கிட்ட சொன்னேன்.

— அவரும் அப்படியே உருகிட்டார். வீட்டுலயும் இதே கூத்துதான். அத்தை கழுத்துல உன் சிம் வெச்ச பட்டன் ஒண்ணைத் தொங்க விட்டே. விழுந்தா அமுக்கணும், உதவிக்கு ஆள் வரும். இன்னைக்கு வரைக்கும் அவங்க விழவும் இல்ல, அமுக்கவும் இல்ல. ஆனா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சின்ன மாப்பிள்ளை போட்டதுன்னு எடுத்து எடுத்துக் காட்டுறாங்க. நான் வாங்கிக் குடுத்த சோபாவுல சாஞ்சு உக்காந்துக்கிட்டே காட்டுறாங்கப்பா.

— சோபாவைப் பத்தியும் சொல்லுவாங்கண்ணே.

— எங்க சொன்னாங்க? நானே ஒரு நாள் வாய் விட்டுக் கேட்டேன், இது யாரு வாங்கினதுன்னு. கடைக்காரன் கொண்டாந்து போட்டான்னாங்க. உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, வயிறு எரியுது. இப்பக்கூடப் பாரு, என் பொண்டாட்டியும் உன் பொண்டாட்டியும் அம்மாவைத் தனியா விட்டுட்டு வெளியூர் போயிட்டாங்க. பயமா இல்லையாடின்னு கேட்டா, அதான் பட்டன் இருக்கேங்கிறா என் வீட்டுக்காரி. அதான் நீங்க இருக்கீங்களேன்னு ஒரு பேச்சுக்காவது சொல்லலாம்ல?

— இங்க காத்து குறையுதுண்ணே. தள்ளுங்க, நானே அமுக்குறேன்.

— வேணாம்பா. சொன்னாக் கேளு, கையை எடு.

— இந்த இணைப்பின் சேவை நிறுத்தப்பட்டுள்ளது. விவரங்களுக்கு, அருகிலுள்ள எங்கள் கிளையை நேரில் அணுகவும்.

— இது நம்ம கம்பெனி ரெக்கார்டிங் ஆச்சே. கிளைக்கு நேர்ல போகணுமாம். யாரு இதை நிறுத்தினது? அண்ணே, சுவத்தைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க.

— நான்தான். பயன்படாத நம்பரை நிறுத்துற அதிகாரம் என் பிரிவுலதானே இருக்கு. ஆறு மாசமா ஒரு முனகல்கூட இல்லாத சிம் எல்லாத்தையும் நேத்து சாயங்காலம் நிறுத்தச் சொன்னேன். செத்த நம்பரை எல்லாம் கூட்டிக் காட்டித்தானே எம்.டி.யைக் கவுத்தே? இன்னைக்கு மீட்டிங்ல உன் கணக்கு பாதியா நிக்கட்டும்னு பார்த்தேன்.

— அதெல்லாம் செத்ததில்லண்ணே. அது சும்மா கிடந்தா, அந்த வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். லிஃப்டுல மாட்டுறவன் தினமுமா மாட்டுவான்?

— அதெல்லாம் எனக்கு எப்படிப்பா தெரியும்? பேசுறவங்களுக்கு விக்கிறவன் நான். பேசலைன்னா செத்ததுன்னு நினைச்சுட்டேன். சத்தியமாத் தெரியாமச் செஞ்சது. மேல போய் அப்படியே சொல்லு, தெரியாமச் செஞ்சுட்டார்னு. இல்லேன்னா என் வேலை போயிடும்.

— உங்க வேலை கிடக்கட்டும். இதே பட்டனைக் கழுத்துல மாட்டிக்கிட்டு எத்தனை வயசானவங்க தனியா இருக்காங்க. அமுக்கினா யாரும் வரமாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியாதே. அண்ணே, நம்ம அத்தை. அத்தையோட பட்டனும் ஒரு நாள்கூடப் பேசினதில்லையே. கதவைத் தட்டுங்க, நல்லாத் தட்டுங்க, நாம இப்பவே வீட்டுக்குப் போகணும்.

— பதறாதே தம்பி. நான் என்ன அவ்வளவு கெட்டவனா? அத்தை நம்பரை மட்டும் நிறுத்தாதீங்கன்னு நேத்தே தனியாச் சொல்லி எடுத்து வெச்சுட்டேன்.