மூணாவது மெஷின்

அந்தச் சத்தமா? ஒண்ணுமில்ல, உள்ள அப்பா கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்காரு. ஒரே பட்டனத் தட்டிக்கிட்டே இருப்பாரு, டக்கு டக்குன்னு. நீங்க உக்காருங்க. பழமெல்லாம் எதுக்கு வாங்கியாந்தீங்க... சரி, அங்க வைங்க. சிதம்பரத்துலேருந்து வந்து, செம்மண்டலத்துல எறங்கி, வீடு வேற விசாரிச்சிக்கிட்டு. ஒரு போன் பண்ணியிருந்தா... பண்ணீங்களா? ஆமா, அந்த நம்பரு இப்ப போவாது.

அந்தப் பேப்பரக் காட்டுங்க. எழிலன், வயசு இருபத்தொம்பது, சிப்காட்டுல கெமிஸ்ட்டு. போட்டோ நான் எடுத்ததுதான். இன்னிக்கிக் காலையில பிரவுசிங் சென்டர்ல எடுத்தீங்களா? இந்தப் பக்கத்த நான் வெப்சைட்லேருந்து தூக்கி மூணு மாசம் ஆவுது மாமா. மாமான்னு கூப்புடலாம்ல? அந்தக் கல்யாண வெப்சைட்டப் பாத்துக்குறவனே நாந்தான். எழிலனுக்குத் தம்பி, அருள்முருகன்.

எந்திரிக்காதீங்க. யாரும் உங்கள ஏமாத்தல. வேற எடத்துல முடிஞ்சிடுச்சான்னா... அதையும் சொல்றேன். மொதல்ல இது எப்பிடி உங்க கைக்கு வந்துச்சின்னு சொல்லிடுறேன்.

ஒரு தரகர் ஆபீஸுன்னு வச்சிக்குங்க. உள்ள ஒரு பெரிய நோட்டு. முன்னாடி மூணு ஆளு. யாரு சும்மா இருக்காங்களோ அவங்ககிட்ட நீங்க கேப்பீங்க, கடலூர்ல முப்பதுக்குள்ள பையன் இருக்கானான்னு. அவரு உள்ள போயி நோட்டப் பாத்துட்டு வந்து சொல்லணும். ஆயிரம் பேரு அதையே கேட்டா? ஆயிரம் தடவ ஓட முடியாது. அதனால பதில ஒரு சீட்டுல எழுதிப் பையில வச்சிக்குவாரு. அடுத்த ஆளு கேட்டா சீட்ட எடுத்து நீட்டுவாரு. அந்த மூணு ஆளுதான் எங்க மூணு சர்வரு. மூணும் மெட்ராஸ்ல ஒரு ரூமுல இருக்கு. நோட்டுதான் டேட்டாபேஸு.

இப்ப நோட்டுல ஒரு பேர அடிக்கிறோம். அடிச்ச ஆளு தன் சீட்டக் கிழிச்சிடுவாரு. மத்த ரெண்டு பேருக்கு எப்பிடித் தெரியும்? அதுக்குத்தான் நான் ஒண்ணு எழுதுனேன். எந்த மெஷின்ல பேரு மாறுனாலும் அது மத்ததுக்கெல்லாம் சேதி சொல்லும், இன்ன சீட்டக் கிழிச்சிடுன்னு. சேதி போவணும்னா அட்ரஸ் வேணும்ல? மெஷின் அட்ரஸெல்லாம் வெறும் நம்பருதான். மூணாவது மெஷினுக்குக் கடைசி நம்பரு பன்னெண்டு. நான் பதிமூணுன்னு எழுதிட்டேன். பதிமூணுல மெஷினே கெடையாது. சேதி போயிக்கிட்டே இருக்கு, வாங்கிக்க ஆளில்ல. மூணாவது மெஷின் பையில பழைய சீட்டு அப்பிடியே கெடக்கு. உங்க கையில இருக்குறது அந்தச் சீட்டு.

சிரிக்கிறீங்க. விருத்தாசலத்துக்காரரு ஒருத்தரு சிரிக்கல. பொண்ணுக்கு வளைகாப்பே முடிஞ்சிடுச்சி, இன்னும் ஜாதகம் கேக்குறானுங்கன்னு ஆபீஸுக்கே வந்துட்டாரு. ஆவணி பொறந்ததுலேருந்து கூட்டம் வேற ஜாஸ்தி. எங்க ஓனரு தில்லைநாதன், அதிர்ந்து பேசமாட்டாரு. நேத்து கூப்புட்டு, அருளு, ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஆறு மணிக்குள்ள சரி பண்ணிடு, இல்லாட்டி திங்கக்கெழம நீ வரவேணாம்னுட்டாரு.

தப்பக் கண்டுபுடிக்கலியான்னா? கண்டுபுடிச்சி ரெண்டு மாசம் ஆவுது. பதிமூணப் பன்னெண்டா மாத்தணும், அவ்வளவுதான். அந்த மெஷின ஒருதடவ அணைச்சிப் போட்டா பழைய சீட்டெல்லாம் போயிடும். அஞ்சு நிமிச வேல. கைதான் வரல. யாரும் அந்த மெஷினத் தொடாதீங்கன்னு வேற சொல்லி வச்சிருந்தேன்.

மணி அஞ்சாவப் போவுதா? அஞ்சரை பஸ்ஸு இருக்கு, போயிடலாம். இன்னிக்கி ஞாயிறு, ஆபீஸு பூட்டு. வெளியிலேருந்து பண்ணா இந்த வீட்டு லைன் ஒண்ணத்தான் உள்ள உடும். வீட்டுல இருக்குறதும் ஒரே கம்ப்யூட்டரு. காலையிலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். அப்பா கொஞ்சம் இருடாங்குறாரு.

அவரு முப்பது வருசம் வெல்டரா இருந்தவரு. அண்ணந்தான் வரன் பாக்குறதுக்காக இதெல்லாம் பழக்கி உட்டான். ஆனி மாசம் ஒரு நாள் என்ன எழுப்பி, டேய், அண்ணன் இன்னும் இருக்கான்டா அதுலன்னாரு. போயிப் பாத்தா இதே பக்கம், வரன் தேடுகிறோம்னு. மறுபடியும் தட்டுனா காணோம். மூணாவது மெஷின் பதில் சொன்னாத்தான் வருவான்.

ஆமா மாமா. சித்திரையில. ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு பைக்குல வந்தான், ஆலப்பாக்கத்துக்கிட்ட. காரியம் முடிஞ்ச மறுநாளு நாந்தான் பேர எடுத்தேன்.

சேச்சே, அப்பாவுக்குப் புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கொள்ளி வச்சதே அவருதான். மாலை போட்ட போட்டோவத் துணியில சுத்திப் பெட்டியில வச்சிட்டாரு. இந்தப் பக்கத்த பிரிண்டு எடுத்துத் தரேன்னேன். வேணாம், இது நான் கேட்டா வருதுடான்னாரு.

நீங்க மூணாவது ஆளு. மொதல்ல நெய்வேலிக்காரங்க வந்தாங்க. வாசலோட சொல்லி அனுப்பிட்டேன். அப்பா ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல. ஏன்டா, பொண்ணு பேரக்கூடவாடா கேக்கமாட்டன்னாரு. அடுத்து பண்ருட்டிலேருந்து வந்தவங்கள உக்கார வச்சேன். அவரே எந்திரிச்சி வந்தாரு. ஒரு மணி நேரம் பேசிக்கிட்டிருந்தாரு. எந்திரிச்சி வர்றது அதுக்கு மட்டுந்தான்.

சத்தம் நின்னுடுச்சி பாருங்க. கெடச்சிட்டான். கொஞ்ச நேரம் பாத்துட்டு இப்ப வெளிய வருவாரு. நீங்க எதுவும் தெரிஞ்ச மாரி காட்டிக்க வேணாம். பொண்ணு பேரு கேப்பாரு, என்ன படிச்சிருக்குன்னு கேப்பாரு. மெதுவா சொல்லுங்க மாமா. ஒரு அஞ்சு நிமிசம். நான் உள்ள போயி அந்த நம்பர மாத்திட்டு வந்துடுறேன்.