நாற்பத்து மூன்றாம் குறிப்புத்தாள்

ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால்தான் என் குறிப்புத்தாள்கள் எல்லாமே ஒரே பக்கம். இதையும் அப்படியே முடிக்கப் பார்க்கிறேன். கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டச்சத்தைப் பற்றி வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதுவேன், வார்டு வார்டாகப் போய் ஒட்டுவேன், வகுப்பெடுப்பேன், சந்தேகம் கேட்டால் தீர்த்து வைப்பேன். பதினோரு வருடத்தில் சந்தேகம் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாஷ்பேசினுக்கு மேலே ஒட்டினால் கை கழுவும் நேரத்திலாவது கண்ணில் படுமே என்று பார்த்தேன். அதன் மேலேயே ஷிஃப்ட் பட்டியலை ஒட்டி வைத்தார்கள். ஒரு வகுப்புக்கு மூன்று பேர்தான் வந்தார்கள், அதில் ஒருவர் பிஸ்கட்டுக்காக வந்தவர்.

நாற்பத்து மூன்றாம் தாளை நான் மிகவும் பாடுபட்டு எழுதினேன். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு எடுத்த எடுப்பிலேயே வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. இரத்தத்தைப் பரிசோதித்து, வைட்டமின் ஊசி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தில் உள்ள உப்புகள் சரசரவென்று இறங்கி, மூன்று நான்கு நாளில் இதயமே நின்றுவிடலாம். பார்ப்பவர்களுக்கு ஆள் தேறி வருவதாகத்தான் தெரியும்.

இதை மாதாந்திரக் கூட்டத்தில் விளக்கினேன். தலைமை மருத்துவர் பேனாவை மூடிக்கொண்டே, "நம்ம ஆஸ்பத்திரியில சாப்பாடு போட்டு யாராவது செத்திருக்காங்களாம்மா? அப்படி ஒரு கேஸ் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கூனிக் குறுகிப் போனேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் எத்தனையோ எண்களைக் காட்டிவிட்டேன், ஒரு முகத்தைக்கூடக் காட்டியதில்லை.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலை நோயாளியாக வந்து சேர்ந்தார். மனைவி இறந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பதினெட்டு நாள் வெறும் தண்ணீரில் கிடந்தவர். கதவை உடைத்து அவரைத் தூக்கி வந்தது அவருடைய அக்கா. அன்று பணியிலிருந்த மருத்துவர் புதியவர்; நன்றாகச் சாப்பிடட்டும் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அக்காவுக்கு அது போதாதா? சர்க்கரை போட்ட பால், ரொட்டி, பழச்சாறு என்று மணிக்கொரு தரம் ஊட்டினார். மெக்கானிக்கின் முகத்திலும் களை வந்தது.

"அக்கா, லிஃப்ட்லயே எட்டு பேருக்கு மேல ஏறினா மணி அடிக்கும். என் வயித்துக்கு மணி இல்லைன்னுதானே இப்படித் திணிக்கிற?" என்றார்.

"எலும்பும் தோலுமா கெடந்துட்டு பேச்சப் பாரு. பேசாம வாயத் தெற."

எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்கா என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்கதானே சாப்பாட்டு டாக்டர்? இன்னொரு டம்ளர் குடுக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா குடுங்க" என்றேன்.

மறுநாள் வார்டு நர்ஸ் என் அறைக்கே தேடி வந்தார். "மேடம், அவருக்குக் கால் வீங்கியிருக்கு. பட்டினி கெடந்தவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும்னு நீங்க ஒட்டின பேப்பர்ல இருந்துச்சே. பெரிய டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?"

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் என் தாளைப் படித்து, புரிந்துகொண்டு, செய்து பார்க்க வந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அது வேற மாதிரி நோயாளிங்களுக்கும்மா, இவருக்குப் பொருந்தாது" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு நர்ஸ் படித்தால் ஒரு வார்டுதான் தப்பும். எனக்கு எல்லா வார்டுகளும் வேண்டியிருந்தன.

வியாழக்கிழமை மதியம், அக்கா அவர் வாயில் வைத்த ஸ்பூனை எடுப்பதற்குள் அவர் இறந்து போனார்.

அடுத்த வாரம் என் வகுப்பில் உட்கார இடமில்லை. அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். "என் கையால ஊட்டி என் தம்பிய நானே கொன்னுட்டேனே" என்று அவர் எல்லோர் முன்னாலும் அழுதபோது, தலைமை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்து, "உங்களுக்குத் தெரியாதுல்லம்மா" என்று ஆறுதல் சொன்னேன். அது பொய்யும் இல்லை. அதன் பிறகு பட்டினியோடு வந்த ஏழு பேர் இங்கிருந்து நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்த ஏழு பேரையும் உங்கள் போலீஸ் அறிக்கையில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். ஏனோ மறுத்துவிட்டீர்கள்.

நான் கொன்றேன் என்று எழுதித் தரச் சொல்கிறீர்கள். தருகிறேன். அவரை எப்படிக் காப்பாற்றுவது என்று அந்தக் கட்டடத்திலேயே மற்ற எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே சாகவிட்டேன், காப்பாற்ற வந்த நர்ஸையும் தடுத்தேன். ஆனால் அவர் சாவை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். என் கணினியில் அவருடைய மரணத்தைப் பற்றிய பாடக் கோப்பு திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கே தொடங்கப்பட்டிருப்பதாகக் காட்டுகிறீர்கள். மறுக்கவில்லை, தலைப்பும் படங்களும் அன்றே தயார். ஆனால் கொஞ்சம் கீழே பாருங்கள். இறந்த நேரம் என்ற கட்டத்தை நான் காலியாகத்தான் விட்டிருந்தேன். நடக்காத ஒன்றை ஊகித்து எழுதும் வழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.