பாய்லர் வெடிக்கும்வரை

எனக்குப் பேசப் பிடிக்கும். ஓய்வு பெற்றவனுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது இன்ஸ்பெக்டர்?

தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் பாதுகாப்பு அதிகாரி. முதலுதவி வகுப்பு எடுத்தே மூன்று லட்சம் உயிரைக் காப்பாற்றியிருப்பேன். சரி, நீங்கள் எழுதிக்கொள்வதால் முந்நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டுதான் என் செல்லப் பாடம். கழுத்தில் அடிபட்டால் கை கால் நான்கும் போகும், நடு முதுகில் என்றால் கால் இரண்டும் போகும் என்று பொம்மையைப் புரட்டிப் புரட்டிக் காட்டுவேன். உள்ளே ஓடும் நரம்புக் கற்றை பாதி அறுந்தவன் மறுபடி நடக்கலாம். முழுதாக அறுந்தால் அவ்வளவுதான். வண்டி மோதும், உயரத்திலிருந்து விழுவார்கள், ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாகக் குதிப்பார்கள். இதெல்லாம் ஊரறிந்த காரணங்கள். யாரும் கணக்கில் சேர்க்காத ஆசாமி, ஓடிவந்து தூக்கி உட்கார வைக்கிற நல்லவன்.

என் மச்சினன், மனைவியின் தம்பி, எங்கள் வீட்டு மாடியில் இருந்தான். தங்கமான பையன், ஐம்பத்திரண்டு வயது. ஒரே குறை, நான் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவான். பாய்லர் வெடித்த கதையைப் பதினேழு முறை ஆரம்பித்திருக்கிறேன். ஒருமுறைகூட அவன் பாய்லர் வெடிக்கும்வரை இருந்ததில்லை.

அந்த ஞாயிறு காலை பதினெட்டாவது முறை. பாதியிலேயே எழுந்து, தண்ணீர்த் தொட்டி கழுவணும் என்று ஏணியில் ஏறினான். நான் கீழே நின்று தொடர்ந்தேன்.

"போன மாசம் ஆறு பேரைத் தூக்கிட்டு ஓடினீங்க அத்தான், இப்ப இருபதா? அடுத்த தடவை பாய்லரையே தூக்கிட்டு ஓடுவீங்க போல."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். ஏணி வழுக்கியது. நான் ஏணியைத் தொடவில்லை; அதை அடிக்கோடிட்டே எழுதுங்கள்.

சிமெண்ட் தரையில் மல்லாந்து கிடந்தான். "இடுப்புக்குக் கீழ மரத்துப்போன மாதிரி இருக்கு. ஆனா விரல் அசையுது பாருங்க."

அசைந்தது. முழுதாக அறுபடாத வகை.

"தூக்கிடாதீங்க அத்தான். அசையாம வெச்சிருக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க."

என் மனைவி ஓடிவந்து, "ஏங்க, மரம் மாதிரி நிக்கிறீங்களே, அவனைத் தூக்குங்க" என்று அழுதாள். நான் மனைவி சொல்லைத் தட்டாதவன்.

அக்குளில் கைகொடுத்து நிமிர்த்தினேன். இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். 'இப்படிச் செய்யாதே' என்று பொம்மையை வைத்துக் காட்டுவேனே, அதேபோல, எதையும் விடாமல். விரல் நின்றுவிட்டது.

"யாரு இவரை உட்கார வெச்சது?" என்றார் டாக்டர்.

"நான்தான். பதட்டத்துல."

"பாசத்துல எல்லாரும் பண்ற தப்புதான் பெரியவரே."

பதட்டமாவது ஒன்றாவது. என் நாடி அப்போது எழுபத்திரண்டு.

நீங்களும் விபத்து என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் பலனையும் எழுத வேண்டும், அதுதான் நியாயம். தினமும் சாயங்காலம் அவனுடைய காலிச் சக்கர நாற்காலியை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு, அவன் படுத்திருக்கும் கட்டிலோரம் உட்கார்ந்து ஆரம்பிக்கிறேன். நேற்று பாய்லர் வெடித்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான், தலையணை நனைந்துவிட்டது.

இந்த வயதில் ஒருவனுக்கு இப்படி ரசனை வருவது சாதாரண விஷயமா, நீங்களே சொல்லுங்கள்.