நாற்பதாயிரம் பேர் நடுவே நான் தூக்கிய கை

தலைமை ஏற்று, போர்த்திய சால்வைகளின் புழுக்கத்திலும் புன்னகை மாறாமல் அமர்ந்திருக்கும் ஐயா ஆதிநாராயணன் அவர்களே! எனக்கு நல்லதும் கெட்டதும் செய்த, இரண்டையும் நான் மறக்காத, இந்த நகரி ஊர்ப் பெரியோர்களே! தறியை நிறுத்தி, அடுப்பை அணைத்து, தலை நிறையப் பூ வைத்து வந்திருக்கும் என் தாய்மார்களே! பாட்டுக்கு வந்து என் பேச்சில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளே! நெசவுத் தெருக் கமலம்மாவின் வணக்கம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படி இறங்கியவள் நான். ஆனால், மறதி என் வாசற்படி ஏறியதில்லை!

இது ‘பறக்கும் நாடா’ குழுவுக்குப் பாராட்டு விழா. தறியிலே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடி ஊடை என்கிற குறுக்கு நூல் போடுகிற நாடாவின் பெயரை வைத்துக்கொண்டு, நம் தெருப் பிள்ளைகள் நால்வர் ராக் பாட்டுப் பாடக் கிளம்பினார்கள். சென்னை அசந்தது! ஐதராபாத் அதிர்ந்தது! பெங்களூரு பித்தானது! நான் மட்டும் காதைப் பொத்திக்கொண்டேன். ஏன்?

இருபத்தாறு வருஷத்துக்கு முன், தை மாதம் பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. என் மகள் மல்லிகாவைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். வாழைக்காய் பஜ்ஜி. சம்பந்தியம்மா ஒன்றை எடுத்து வாயருகே கொண்டு போகிறார். பக்கத்துத் தறிக்கூடத்தில் அந்த நால்வரில் ஒருத்தி, ஸ்வர்ணலதா, டிரம்ஸ் அடித்தாள் பாருங்கள்... பஜ்ஜி தட்டில் விழுந்தது, சம்பந்தம் தெருவில் விழுந்தது! “எப்பவும் இப்படித்தானா இங்க?” என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

அங்கே யார் சிரிக்கிறது? மல்லிகாவா? சிரிடி, சிரி. “அவங்க போனதாலதான் நல்ல புருஷன் கெடைச்சான்” என்பது அவள் வாதம். பஜ்ஜி சுட்டவள் நானல்லவா! அன்றோடு ஸ்வர்ணலதாவிடம் பேச்சை விட்டேன். எதிரே வந்தால் முகம் திருப்பினேன். கல்யாணத்தில் கண்டால் பந்தி மாறினேன்.

பிறகு குழு பிரிந்தது. பதினோரு வருஷம் ஆளுக்கொரு திசை. போன மாதம்தான் புத்தலப்பட்டுப் பக்கம் திறந்தவெளியில் மூன்று நாள் இசைவிழா, அதில் மறுபடி சேர்ந்தார்கள். ஸ்வர்ணலதா ஊரறியச் சொல்லிவிட்டாள்: “இந்த மேடை சரியா வந்தா வாசிப்போம். சறுக்குச்சுன்னா இனிமே குச்சியைத் தொடமாட்டேன்.”

நம் தெருப் பெண்கள் வேன் பிடித்துக் காணிப்பாக்கம் போனோம். “புள்ளையாரைப் பார்த்தாச்சு, நம்ம புள்ளைங்களையும் பார்த்துட்டுப் போவலாம் வா” என்று இழுத்தாள் கூட வந்த ஸ்ரீதேவி. போனேன். வாழ்த்தவா போனேன்? வாய் பிளந்து ரசிக்கவா போனேன்? இல்லை! விழுகிறார்களா என்று பார்க்கப் போனேன்!

மாலை ஐந்தரை. கண் போன தூரமெல்லாம் தலை. நாற்பதாயிரம் பேர் என்றார்கள். வயதானவள் என்று வேலியோரம் நாற்காலி போட்டார்கள். உட்காரப் போட்டதில் ஏறி நின்றேன். முதல் பாட்டுக்கு மண் குதித்தது. இரண்டாவது பாட்டுக்கு மலை குதித்தது. மூன்றாவது பாட்டில் பாடகன் ஜெயபிரகாஷ் கூட்டத்துக்குள் நீண்ட நடைமேடையில் என் முன்னாலேயே வந்து நின்றான். அப்போது பழுதாகிப் போயிற்று, வாசிப்பவர்கள் தங்களுக்குக் கேட்க வைத்திருந்த ஒலிப்பெட்டி!

இவன் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் அடி இவனுக்கு எட்டவில்லை. நெடுக்கு நூல் பாவு ஒரு பக்கம், ஊடை ஒரு பக்கம். பாட்டு சிக்கலோ சிக்கல். கூட்டம் ஊளையிட்டது. அந்த நேரத்தில்தான் நான் கை தூக்கினேன்.

தாய்மார்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இருபது விசைத்தறி ஓடுகிற கூடத்தில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அங்கே கைதான் வாய். விரித்த உள்ளங்கை: தறியை நிறுத்து. பிரித்த இரண்டு விரல்: நூல் அறுந்தது. சுழலும் முஷ்டி: ஓட்டு! நடக்கப் பழகும்போதே இதையும் பழகிய பிள்ளைகள் அந்த நால்வரும்.

என் உள்ளங்கையைக் கண்டாள் ஸ்வர்ணலதா. குச்சி நின்றது. கிடார் நின்றது. பாட்டு நின்றது. நாற்பதாயிரம் பேர் மூச்சும் நின்றது! எங்கோ ஒருவன், “ஏமயிந்தி ரா?” என்று, என்னடா ஆச்சென்று, தெலுங்கில் கேட்டான்.

அந்தக் கை பாட்டைக் காப்பாற்றத் தூக்கிய கை என்று பத்திரிகையில் போட்டார்கள். அதற்காகத்தான் எனக்கும் இந்தச் சால்வை. என் மக்களே, பொய்ச் சால்வை போர்த்திக்கொண்டு நான் வீடு போக மாட்டேன். கோபத்தில் தூக்கினேன்! “போதும், நிறுத்துடி” என்று இருபத்தாறு வருஷம் நெஞ்சில் கிடந்தது கைக்கு வந்துவிட்டது. நிறுத்துவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை!

மேலேயிருந்து ஸ்வர்ணலதா கையைத் திருப்பிக் கேட்டாள்: என்ன?

கீழே ஸ்ரீதேவி சொன்னாள்: “இறங்கி வந்துடு கமலா. இத்தினி வருஷமா நீ கேட்டுக்கினு இருந்தது இதானே? எடுத்துக்கோ.”

எடுத்துக்கொள்ளலாம்தான். இறங்கினால் போதும். அவள் குச்சியை வைத்துவிடுவாள், என் வீம்பு வென்றுவிடும். ஆனால் அவளைப் பார்த்தேன். இரண்டு கையும் தொங்க, நின்ற தறியின் முன் ஒரு நெசவுக்காரி எப்படி நிற்பாளோ, அப்படி உட்கார்ந்திருந்தாள். என் கை என் பேச்சைக் கேட்கவில்லை, தாய்மார்களே! விரல் இரண்டு பிரிந்தது: நூல் அறுந்தது. விரல் மடங்கியது. முஷ்டி சுழன்றது: ஓட்டு! ஓட்டு! ஓட்டு!

என் பின்னால் நம் வேன் பெண்கள் அத்தனை பேரும் முஷ்டி சுழற்றினார்கள். எங்கள் சுழற்சிக்கு அவள் அடித்தாள். அதே சுழற்சிக்கு இவன் பாடினான். பார்த்துக்கொண்டிருந்த கூட்டமும் பழகிக்கொண்டது. நாற்பதாயிரம் முஷ்டி! காது கேட்காத மேடையைக் கண்ணால் ஓட்டினோம்! கிழிந்த பாட்டு ஒரே கோர்வையாய், ஓரம் பிசகாத பட்டாய், ஓ என்று எழுந்தது! நான் ஆடினேன் என்கிறாள் ஸ்ரீதேவி. நம்பாதீர்கள். ஆடியது நாற்காலி.

முடிந்ததும் ஜெயபிரகாஷ் குனிந்து, “பெரிம்மா, நிறுத்தணும்னு எப்படித் தெரிஞ்சுது?” என்றான். பதில் சொல்லாமல் வேன் ஏறினேன். இன்றுதான் சொல்கிறேன்.

கோபம் இல்லாதவர் யார்? இருக்கட்டும்! வீம்பு விட்டவர் யார்? வைத்துக்கொள்வோம்! ஆனால், ஒருத்தி தொழில் நம் கையால் நிற்கும் என்றால், எந்தக் கோபம் அதைவிடப் பெரிது? நின்ற தறியைக் கண்டு சும்மா நிற்கும் கை நம் தெருவில் பிறந்ததில்லை! பிறக்கவும் கூடாது!

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிட்டேன், ஐயா. அழைத்தவர்களுக்கும், ஒலிபெருக்கி கட்டியவருக்கும், உட்கார்ந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

இன்னும் ஒரே ஒரு வார்த்தை. அது சபைக்கல்ல. மேடைக் கோடியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு.

ஸ்வர்ணலதா... சோறு துன்னியாடி?