பிரித்ததைத் தானே ஒட்டிய எங்கள் பெரியக்காவுக்கு

மின்தூக்கிக்கும் மருந்தகத்துக்கும் நடுவே, ஓட்டை உடைசல் சக்கர நாற்காலிகள் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ஓர் அறையே அலுவலகம் என்றாகிவிட, அதில் முப்பத்தோர் ஆண்டுகள் அல்லல்பட்டு வந்தோர்க்கு அரணாய் அமர்ந்திருந்த அம்மையீர்! காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தபோதெல்லாம் கைகட்டி நில்லாமல் கைபேசியைக் கையிலெடுத்த காவலரே! மூக்கின்மேல் கோபமும் அதன்மேல் மூக்குக்கண்ணாடியும் தாங்கி, முணுமுணுத்தோரை முறைத்தே முடித்துவைத்த முதல்வரே! எங்கள் அனைவர்க்கும் பெரியக்காவே! பணிநிறைவு பெறும் இந்நன்னாளில் தங்களை வணங்கி வாழ்த்த இவ்வரங்கில் கூடியிருக்கிறோம்.

இம்மடலை எழுதியவர் பில் பிரிவில் பணியாற்றும், நாமெல்லோரும் ‘புலவர்’ என்று கேலியாக அழைக்கும் நண்பர். அவருடைய முதல் வரைவில் தாங்கள் கருணைக் கடலாகவும் பொறுமையின் பூமியாகவும் விளங்கினீர்கள். ஆனால் காப்பீட்டு அறையிலிருந்து எந்தத் தாளும் வாய்விட்டுப் படிக்கப்படாமல் வெளியே போகக்கூடாது என்பது தாங்கள் போட்ட சட்டம். யாருக்காக எழுதினோமோ அவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்து உரக்கப் படிக்கவேண்டும். எந்த வரியில் வாய் கூசுகிறதோ அந்த வரியை அடித்துவிடவேண்டும். அந்தச் சட்டப்படியே புலவரைப் படிக்கவைத்தோம். ‘பொறுமையின் பூமியே’ என்ற இடம் வந்ததும் வரவேற்பு மேசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்கள். புலவருக்கே வாய் கூசியது. பூமி போயிற்று, பின்னாலேயே கடலும் போயிற்று. மிஞ்சியதைத்தான் இப்போது தங்கள் முன் வாசிக்கிறோம்.

தாங்கள் இவ்வறைக்கு வந்தபோது மேசைக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்ததாம். அதில் கையகல ஓட்டை. நோயாளியின் மனைவியும் மகனும் அந்த ஓட்டைக்குக் குனிந்து, தங்கள் வீட்டுத் துன்பத்தை ஊரறியக் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. தாங்கள் முதல் வேலையாகத் தச்சரை அழைத்து அக்கண்ணாடியைக் கழற்றவைத்தீர்கள். யாரைக் கேட்டுக் கழற்றினீர்கள் என்று நிர்வாகத்திலிருந்து கேட்டபோது, யாரைக் கேட்டு வைத்தார்கள் என்று திருப்பிக் கேட்டீர்கள். அதன்பின் வருவோரைத் தங்கள் எதிரில் உட்காரவைக்காமல் பக்கத்திலேயே உட்காரவைத்தீர்கள். திரையில் தாங்கள் பார்ப்பதை அவர்களும் பார்க்கவேண்டும் என்றீர்கள். இன்றும் அவ்வறையில் நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம்தான். புதிதாக வருவோர் எங்கே உட்காருவது என்று சற்று விழிப்பதும் வழக்கம்தான்.

தங்கள் குணநலன்களைக் கூறப் புகுந்தால் கோபத்தில்தான் தொடங்கவேண்டும். தங்களிடம் திட்டு வாங்காதவர் இவ்வரங்கில் இருந்தால் அவர் நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தவராக இருப்பார். அறுவை நிபுணர்களும் அதற்கு விலக்கல்லர். கையெழுத்துப் புரியாத குறிப்பை அனுப்பும் மருத்துவரை அவருடைய அறைக்கே தேடிப்போய், ‘இது என்ன எழுத்துன்னு நீங்களே சொல்லுங்க டாக்டர்’ என்று நின்றவர் தாங்கள். ஆயினும் சிடுசிடுத்த முகத்தோடு திட்டிக்கொண்டே தாங்கள் செய்துமுடித்த வேலையை, சிரித்த முகத்தோடு வேறெவரும் செய்து நாங்கள் பார்த்ததில்லை.

தங்கள் தொழில் உத்திகளுள் தலைசிறந்தது பிரித்து அனுப்புவது. பெரிய சிகிச்சை ஒன்றுக்கு மொத்தமாக அனுமதி கேட்டால் காப்பீட்டு நிறுவனத்தார் மலைத்துப்போய் மாதக்கணக்கில் கிடப்பில் போடுவார்கள் என்று கண்டறிந்து, ஒரே சிகிச்சையை இரண்டாக, மூன்றாகப் பிரித்து, ஒன்று முடிந்தபின் ஒன்றாகக் கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள். ‘சின்னச் சின்னதா ஊட்டுங்க, முழுங்கிடுவாங்க’ என்பது தாங்கள் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். எத்தனையோ குடும்பங்கள் அதனால் காத்திருக்காமல் தப்பின. வேறு மருத்துவமனைக்காரர்கள்கூட இந்த வித்தையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். அந்த உத்திதான் ஒருமுறை நம் வீட்டுப் பிள்ளையின் தலையிலேயே விழுந்தது. அதைச் சொல்லாமல் இம்மடல் நிறைவுறாது.

இம்மடலை இப்போது ஒலிவாங்கியின் முன் நின்று வாசித்துக்கொண்டிருக்கும் சகோதரியை இங்கு அறியாதார் இல்லை. தொலைபேசி இணைப்பகத்தில் அமர்ந்து, அழைப்போர்க்கெல்லாம் ‘ஹலோ’ சொல்லிச் சொல்லி நமக்கெல்லாம் ‘ஹலோ அக்கா’ ஆகிவிட்டவர். தன் கதையை விட்டுவிட்டுத் தங்களைப் பாராட்டினால் அது அரைகுறைப் பாராட்டு என்று அவரே அடம்பிடித்து எழுதச் சொன்னார். தானே வாசிப்பதாகவும் சொன்னார். ஆகவே இனி வரும் வரிகளில் அவருடைய குரல் தழுதழுத்தால் யாரும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவரவேண்டாம் என்பது அவருடைய வேண்டுகோள்.

ஹலோ அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் நம் மருத்துவமனையிலேயே ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. மருந்தும் கதிர்வீச்சும் முடிந்து, முடி முளைத்து, மீண்டும் இணைப்பகத்துக்கு வந்து உட்கார்ந்தார். உயிர் பிழைத்து வந்த மகிழ்ச்சியில் நாங்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினோம். அவர் ஒற்றைக் கையால் வேலை செய்துகொண்டிருந்தார். உள்ளாடைக்குள் மடித்துவைத்த துணி நழுவிவிடும் என்று மற்றொரு கையை மார்போடு அணைத்தபடியே நாள் முழுதும் இருந்தார். அதை முதலில் பார்த்தவர் தாங்கள். கேட்டவரும் தாங்கள்.

கதிர்வீச்சு பட்ட தோல் ஆறியபின், வயிற்றுத் தசையை எடுத்து மார்பகத்தை மறுபடி அமைக்கலாம் என்று அறுவை நிபுணர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் வீட்டில் பேச்சு வேறுமாதிரி இருந்தது. மாமியார் கெட்டவர் அல்லர். மருமகள் படுத்திருந்த நாளெல்லாம் கஞ்சி காய்ச்சி ஊட்டியவர்தான். இன்னொரு முறை மயக்க மருந்தா என்ற பயத்தில், உயிரோடு இருப்பதே போதாதா, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். இங்கேயும் சிலர் அதையே கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டோம். ‘யாருக்குக் காட்டப் போறே?’ என்று அவருடைய நாத்தனார் கேட்டே விட்டார். அப்போது சொன்ன பதிலை ஹலோ அக்கா தங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தங்களிடம் திரும்பச் சொன்னார்.

‘யாருக்கும் காட்ட இல்லக்கா. குளிக்கிறப்ப நான் பாக்கறேன்ல, எனக்கு.’

நம் ஊழியர்களுக்கான குழுக் காப்பீட்டில் அனுமதி கேட்டு அன்றே விண்ணப்பம் தயாரித்தீர்கள். வழக்கம்போலப் பிரித்தீர்கள்: மார்பகத்தை அகற்றியதும் புற்றுநோய்ச் சிகிச்சையும் முடிந்துபோன கோப்பில் இருந்தன, மறுசீரமைப்பு மட்டும் தனி விண்ணப்பமாக, சிறிய கவளமாகப் போயிற்று. சட்டப்படி வாய்விட்டுப் படித்தோம். யாருக்கும் வாய் கூசவில்லை.

பதில் விரைவாகத்தான் வந்தது. இது உடல் தோற்றத்துக்கான அழகுச் சிகிச்சை, காப்பீட்டில் இதற்கு இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். அறையில் நாங்கள் கொதித்தோம். ஈவு இரக்கம் உண்டா என்று புலவர் வாய் கிழியப் பேசினார். தாங்கள் மட்டும் காப்பீட்டு விதிகளைத் திறந்து திரையில் படித்தீர்கள். அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு இடமில்லை, ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றால் இழந்த உறுப்பை மறுபடி அமைப்பதற்கு இடமுண்டு என்று அங்கே தெளிவாகவே இருந்தது. நாம் அனுப்பிய விண்ணப்பத்திலோ புற்றுநோய் என்ற சொல்லே இல்லை. அது மற்றொரு பாதியில், மூடிய கோப்பில் கிடந்தது. மறுத்தவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நடுவயதுப் பெண் ஒருத்தி மார்பகம் அமைத்துக்கொள்ள விரும்புகிறாள் என்பது மட்டுமே.

தாங்கள் நினைத்திருந்தால் அத்தவற்றை எங்களில் ஒருவர் தலையில் கட்டியிருக்கலாம். நாங்களும் தலையைக் காட்டியிருப்போம். தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஹலோ அக்காவிடம் சொன்னது எங்கள் காதில் இன்றும் இருக்கிறது.

‘இது என் கைவேலைம்மா. நான்தான் பிரிச்சேன். நானே ஒட்டறேன்.’

அடுத்து நடந்ததை நாங்கள் கதவருகே நின்று பார்த்தோம். காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவ அதிகாரியை, மறுப்பில் கையொப்பமிட்ட அவரையே, தொலைபேசியில் பிடித்தீர்கள். ஒலிபெருக்கியில் போட்டிருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, சண்டை போடாமல், ஓர் உதவி கேட்டீர்கள்: எங்கள் அறையில் எதையும் வாய்விட்டுப் படிப்பது வழக்கம், நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள் என்றீர்கள். அவர் ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துப் படிக்கத் தொடங்கினார். இந்நோயாளி கோரும் சிகிச்சை உயிர்காக்கும் தேவையன்று என்ற வரியைத் தாண்டினார். தோற்றப் பொலிவுக்காக என்ற சொல்லில் நின்றார். பேஷன்ட் பக்கத்தில் இருக்கிறாரா என்று மெல்லக் கேட்டார்.

‘இருக்கேன் சார், படிங்க,’ என்றார் ஹலோ அக்கா. அழைப்போரை இணைப்புக்குக் காத்திருக்கச் சொல்லும் அதே குரலில்தான் சொன்னார்.

அதிகாரி அதற்குமேல் படிக்கவில்லை. அவரும் நல்ல மனிதர். அவருக்கு முன்னால் நாம் வைத்தது பாதித் தாள் என்பதைத் தாங்களே அவரிடம் ஒப்புக்கொண்டீர்கள். இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள், எங்கள் பரிசீலனைக் குழுவில் நானே எடுத்துப் பேசுகிறேன் என்றார். அதோடு முடிந்துவிடவில்லை. அகற்றியபோதே அமைக்காமல் இவ்வளவு காலம் கழித்து ஏன் என்று குழுவிலிருந்து கேள்வி வந்தது. கதிர்வீச்சுக்குப்பின் தோல் ஆறக் காத்திருக்கச் சொன்னது மருத்துவர்தான் என்பதற்கு அவருடைய விளக்கம் வேண்டியிருந்தது. அறுவை அரங்கின் வாசலில் ஒற்றைக்காலில் நின்று, கையுறையைக் கழற்றியவரைக் கைகழுவக்கூட விடாமல் பிடித்து, படிக்கக்கூடிய எழுத்தில் அதை வாங்கி வந்தீர்கள். முறிந்த காலில் தகடு வைப்பதையும் எரிந்த முகத்தில் தோல் ஒட்டுவதையும் எவரும் அழகு என்று சொல்வதில்லையே என்று ஒரே ஒரு வரியைத் தாங்களாகச் சேர்த்தீர்கள். அதைப் படிக்கையில் தங்களுக்கு வாய் கூசவில்லை, குரல்தான் ஓங்கியது.

அனுமதி வந்த அன்று அதையும் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினீர்கள். ‘மறுசீரமைப்பு அறுவைக்கு’ என்பது வரை சரியாக வந்தது. அதன்பின் தாளைப் பாதியிலேயே பக்கத்து நாற்காலிக்கு நகர்த்திவிட்டீர்கள். எங்கள் நினைவறிய அதுவே முதல்முறை. மீதியைப் பக்கத்திலிருந்து ஹலோ அக்காதான் படித்து முடித்தார். மாமியார் அறுவையன்று வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மறுபடி கஞ்சி கொண்டுவந்தார். கணவரும் கட்டு மாற்றும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு உடனிருந்தார். சிறிய திருத்த அறுவை ஒன்று இன்னும் பாக்கியிருக்கிறது. அதற்கான விண்ணப்பத்தைத் தங்கள் இருக்கைக்கு வரவிருப்பவர் பழைய கோப்போடு சேர்த்தே அனுப்பியிருக்கிறார், தாங்கள் கவலைப்படவேண்டாம்.

அன்புக்குரிய பெரியக்காவே! விழாவுக்கு என்ன பரிசு தரலாம் என்று நாங்கள் கூடிப் பேசியபோது சுவர்க்கடிகாரம் என்றார் ஒருவர், சாய்வு நாற்காலி என்றார் மற்றொருவர். எக்ஸ்ரே பிரிவுச் சகோதரிகள் அப்போது ஒரு குட்டை உடைத்தார்கள். மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே காட்டும் மேமோகிராம் படம் எடுத்துக்கொண்டாயா என்று வரும் பெண்களையெல்லாம் விரட்டும் தாங்கள், ஒருமுறைகூட அந்த அறையின் வாசற்படி மிதித்ததில்லையாம். கூப்பிடும்போதெல்லாம் தாங்கள் சொன்ன சாக்கு ஒன்றே ஒன்று: ‘எனக்கு எங்கடி நேரம்?’

அம்மையீர்! தாங்கள் தெரிவித்த காரணத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம். இன்று மாலையுடன் தாங்கள் பணிநிறைவு பெறுவதால் அக்காரணம் ஏற்கத்தக்கதன்று என்று கண்டு ஒருமனதாக நிராகரிக்கிறோம். மேல்முறையீட்டுக்கு வழியில்லை. நாளைக் காலை முதல் பரிசோதனை தங்களுடையது. தங்களை வீட்டு வாசலில் வந்து அழைத்துப்போகும் பொறுப்பை ஹலோ அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். பயமாக இருந்தால் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார்.

திட்டுவதற்கு வேண்டிய தெம்பு குறையாமல், தேடி வருவோர்க்குத் திசைகாட்டத் தயங்காமல், நோய் அணுகாமல், அணுகினாலும் நேரத்தே அறிந்து வென்று, தாங்கள் நூறாண்டு வாழவேண்டும் என நெஞ்சார வாழ்த்துகிறோம். இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தங்களிடம் தருகிறோம். தாங்கள் கழற்றவைத்த கண்ணாடியைப்போல் இதையும் கழற்றிவிடவேண்டாம். இந்தக் கடைசி வரிகளைப் புலவரிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு ஹலோ அக்கா இப்போது மேடையிலிருந்து இறங்கித் தங்களிடம் வருகிறார். சட்டம் கனமானது; தூக்கிவர ஆள் தரட்டுமா என்று கேட்டோம், வேண்டாம் என்றார். பாருங்கள் அக்கா, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வருகிறார்.

தங்கள் அன்பும் திட்டும் மறவாத,
காப்பீட்டு அறை, பில் பிரிவு, வரவேற்பு மேசை, எக்ஸ்ரே பிரிவு, அறுவை அரங்கு மற்றும் தொலைபேசி இணைப்பகத்தின் பணியாளர்கள்