குறுக்கு வழித் தீர்மானத்தை வழிமொழிய வந்தவன்

ஆடுகிற மைக்கையும் அதட்டி நிறுத்தி அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களே! சரக்குக்குக் காத்துக் காத்தே தலை நரைத்த சான்றோர்களே! கடலுக்குக் கணவரை அனுப்பிவிட்டுக் கைப்பேசியும் கையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

எங்கோ இரண்டு நாடுகள் முட்டிக்கொள்கின்றன. எவன் அடித்தான், எவன் அழுதான், எனக்கு விளங்கவில்லை. ஆனால் அடி விழுந்தது என் கடை அலமாரியில்! சண்டை நடக்கும் கடலைத் தாண்டிக் குறுக்கு வழியில் வந்த கப்பல்கள், இப்போது ஏவுகணைக்குப் பயந்து கண்டத்தையே சுற்றி வருகின்றன. வாடகை ஏறியது, காப்பீடு ஏறியது, சரக்கு மட்டும் வந்து இறங்கவில்லை. பம்ப்செட்டுக்கு ஒரு வாஷர் இல்லை. "அண்ணே, சரக்கு கப்பல்ல வருதா, ஆமை மேல வருதா?" என்கிறார் வாடிக்கையாளர். சிரிக்காதீர்கள், உங்கள் கடையிலும் அதே கதைதான்!

ஆகவே, கப்பல்கள் பழைய குறுக்கு வழியிலேயே வர வேண்டும் என்ற தீர்மானத்தை வழிமொழியச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் என் தங்கை வழிமறித்தாள். அவள் கணவர், என் மச்சான், கப்பலில் இன்ஜின் மெக்கானிக். கைப்பேசியை நீட்டினாள். கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தில், மச்சானின் கப்பல் பாலைவனத்தின் நடுவே நிற்கிறது!

"என்னம்மா, கப்பல் கரையேறிடுச்சா?"

"சண்டைக்காரங்க சிக்னலைக் குழப்புறாங்களாம் அண்ணா. கப்பல் போற ஊர் பேரைப் போடுற இடத்தைப் பாருங்க."

பார்த்தேன். அங்கே ஊர் பேர் இல்லை. 'எங்களுக்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை' என்று கப்பல்காரர்களே போட்டிருந்தார்கள். ஏவுகணை எழுத்துக்கூட்டிப் படிக்குமா ஐயா?

"இவங்க கப்பல் மட்டும் குறுக்கு வழியிலயே போகுது அண்ணா. சரக்குக்காரங்க அவசரப்படுத்துறாங்களாம். யாருண்ணா அவங்க?"

யார் அவர்கள்? யார் அந்த அவசரக்காரர்கள்? பின்னால் யாரது, 'நீங்கதான்' என்பது? ஆமாம் ஐயா, நான்தான். நீங்களும்தான்!

சரக்கு வராவிட்டால் கடை படுத்துவிடும். எனக்குச் சரக்கு சீக்கிரம் வேண்டும், மச்சான் முழுசாக வேண்டும். எதைக் கேட்பேன்? எவரைக் கேட்பேன்?

தலைவர் மணியடிக்கிறார். வழிமொழிகிறேனா இல்லையா என்கிறார். தெரியவில்லை தலைவரே, சத்தியமாகத் தெரியவில்லை! என் தங்கை அதோ உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இந்தத் தீர்மானத்தை உரக்கப் படிக்கக்கூடியவர் யாராவது இருந்தால் வாருங்கள், மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்குகிறேன்.

ஒருவரும் எழவில்லையே?

அப்படியானால், பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. சுற்றி வந்தாலும் ஆளோடு வந்து சேரும் கப்பல்களுக்கு என் வணக்கம்.