சிரிக்க மறுத்த பேய்

எனக்குச் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லை, ஐயா. பதினாறு வருடமாகப் படம் எடுக்கிறேன். செட்டில் யாரையும் 'டா' போட்டுக் கூப்பிட்டது கிடையாது. யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

இந்தப் படத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்த பழைய பேய்க்கதைதான். ஒரு தாயை வீட்டாரே மரப்பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். செத்த பிறகு அவள் தன் பிள்ளையைத் தேடி அந்த வீட்டுக்கே வருகிறாள். நான் அதைக் குடும்பத்தோடு பார்க்கிற படமாக மாற்றினேன். என் பேய் குழந்தைக்குத் தலை வாரிவிடும், வீட்டுப்பாடம் சொல்லித் தரும். கடைசியில் பெட்டியைத் திறந்தால் சிரித்துக்கொண்டே எழுந்து வரும்.

பேயாக நடித்தவரை யூனிட்டே அக்கா என்றுதான் கூப்பிடும். நாற்பது வருடம் நாடக மேடையில் இருந்தவர். தலைவாரும் காட்சியில் அவருடைய சீப்புப் பிடித்த கை மட்டும் லேசாக நடுங்கியது. கண்ணில் பசி தெரிந்தது. மானிட்டரில் பார்த்த எனக்கே முதுகு சில்லிட்டது.

"அக்கா, கொஞ்சம் சிரிச்சா நல்லாயிருக்கும்" என்றேன்.

"பெத்த பிள்ளையைத் தொட முடியாமச் செத்தவ தம்பி இவ. எதுக்குச் சிரிப்பா?"

"குழந்தைங்க பார்க்கிற படம்க்கா."

"குழந்தைங்களுக்கும் தெரியட்டும்" என்றார்.

அதுவரை எடுத்ததைப் போட்டுப் பார்த்த அன்று என் மனைவியையும் ஆறு வயது மகளையும் கூட்டிப் போயிருந்தேன். பாதியிலேயே மகள் தன் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு சீப்பை எடுத்தாலே அழுதாள். "இதையா குழந்தைங்க படம்னு சொல்லிட்டுத் திரியிறீங்க?" என்றாள் மனைவி. தயாரிப்பாளர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "அக்காவைச் சிரிக்க வை. இல்லைன்னா படம் பெட்டியிலயே தூங்கும்."

மிச்சமிருந்தது பெட்டிக் காட்சி ஒன்றுதான். அன்று காலையிலிருந்து ஏழு டேக். ஏழு முறையும் அக்கா எழுந்து வந்தார்; ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரமானது. "நீங்கல்லாம் போங்க, நானும் அக்காவும் ஒரு ஒத்திகை பார்த்துட்டு வர்றோம்" என்று எல்லோரையும் அனுப்பினேன். அக்கா முகம் சுளிக்காமல் மறுபடி பெட்டிக்குள் படுத்தார். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. இன்ஹேலரை மேக்கப் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அது எனக்குத் தெரியும்.

மூடி இறுகிக்கொண்டதால்தான் அக்கா இறந்துபோனார் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மூடியில் ஒரு கோளாறும் இல்லை. பெட்டி செய்த தச்சரை வீணாகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள், பிள்ளைகுட்டிக்காரர், விட்டுவிடுங்கள். மூடியின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா உள்ளிருந்து முதலில் மெதுவாகத் தட்டினார். பிறகு வேகமாக. நான் கோபப்படவே இல்லை. "சிரிச்சுக்கிட்டே வருவீங்கன்னா திறக்கிறேன்க்கா" என்று பொறுமையாகத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் இழுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் பலகையை ஒட்டி அவர் குரல் வந்தது.

"சிரிக்கிறேன் தம்பி. திறந்துடுங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. திறக்கத்தான் எழுந்தேன். ஆனால் அந்தக் குரலில் கனிவு போதவில்லை, ஐயா. மறுபடி உட்கார்ந்து, "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா" என்றேன்.